‘எ’, ‘ஆன்’, ‘தி’: தமிழ் பேசுபவர் ஆங்கில ஆர்ட்டிகிளைப் பிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் எல்லாவற்றையும்விட அதிகமாகப் புழங்கும் சொல் ‘தி’. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வரிக்கு வரி கண்ணில் படும். ஆனாலும் பள்ளி, கல்லூரி என்று வருடக்கணக்கில் ஆங்கிலம் படித்து, அலுவலகத்தில் தினமும் ஆங்கிலத்திலேயே மெயில் எழுதுகிறவர்கள்கூட இதில்தான் தடுமாறுகிறார்கள். காலம் சரியாகிவிடும், சொல்வளம் பெருகிவிடும், உச்சரிப்புகூட மெருகேறிவிடும். ஆர்ட்டிகிள் மட்டும் கைக்கு அடங்காது.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லித் திட்டுவது தவறு. ஆர்ட்டிகிள் இல்லாத மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வரும் எல்லோருக்கும் இதே சிக்கல்தான். ரஷ்யர், கொரியர், சீனர், ஜப்பானியர், நாம், எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறோம். அவர்கள் எப்படித் தடுமாறுகிறார்கள், எந்தக் கட்டத்தில் எது படிகிறது என்பதை ஐம்பது வருடமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த அறிவு நம் வகுப்பறைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நம் இலக்கணப் புத்தகங்கள் ‘குறிப்பிட்ட பொருளுக்குத் தி, குறிப்பிடாத பொருளுக்கு எ’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. பாதித் தவறுகளுக்கு அந்த வரிதான் காரணம் என்பேன். ‘தி’யைத் தீர்மானிப்பது பேசுகிறவர் மனதில் இருப்பது அல்ல. எதைச் சொல்கிறோம் என்று கேட்கிறவருக்குத் தெரியுமா என்பதுதான் கணக்கு. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே போகும்.

ஏன் இவ்வளவு கடினம்?

மூன்று காரணங்கள். முதலாவது ஒலி. பேச்சில் ஆர்ட்டிகிளுக்கு அழுத்தமே கிடையாது. அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு, பாதி விழுங்கப்பட்டு வரும். நம் பேச்சில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய சமமான நேரம் கொடுத்துப் பழகிய காது, அந்த மங்கலான ஒலியைச் சொல்லாகவே எண்ணுவதில்லை.

இரண்டாவது பொருள். ஆர்ட்டிகிள் இல்லாவிட்டாலும் சொல்ல வந்தது புரிந்துவிடும். ‘ஐ பாட் கார்’ என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. புரிந்துவிடுவதால் யாரும் திருத்துவதில்லை. திருத்தாததால் அப்படியே உறைந்துவிடுகிறது.

மூன்றாவது தாய்மொழி. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆர்ட்டிகிள் செய்யும் வேலையைத் தமிழ் செய்யாமல் இல்லை, வேறு இடங்களில் வைத்துச் செய்கிறது. ‘பையன் வந்தான்’ என்றால் நமக்குத் தெரிந்த பையன். ‘ஒரு பையன் வந்தான்’ என்றால் புதியவன். அதாவது தெரிந்த எழுவாயை நாம் வெறுமனே விடுகிறோம். ஆங்கிலமோ அதற்குத்தான் ‘தி’ கேட்கிறது. செயப்படுபொருளில் ‘ஐ’ உருபு அந்த வேலையைச் செய்கிறது. ‘வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்றால் எந்த வீடு என்று இன்னும் முடிவாகவில்லை. ‘வீட்டைப் பார்த்தோம்’ என்றால் தெரிந்த வீடு. ‘பெண் பார்க்கப் போனோம்’, ‘பெண்ணைப் பார்க்கப் போனோம்’ இரண்டையும் எந்தத் தமிழரும் குழப்பிக்கொள்ள மாட்டார். ஆக, அந்த உணர்வு நமக்குள் இருக்கிறது. ஆங்கிலம் அதை எந்த இடத்தில், எந்த எல்லை வரைக்கும் கேட்கிறது என்பதுதான் புதிது.

ஒரு சின்ன வரலாற்றுச் செய்தியும் தெம்பு தரும். பழைய ஆங்கிலத்திலும் இன்றிருப்பது போன்ற ஆர்ட்டிகிள் முறை இல்லை. ‘அந்த’ என்று சுட்டும் சொல் தேய்ந்து ‘தி’ ஆனது. ‘ஒன்று’ என்ற எண்ணுப்பெயர் தேய்ந்து ‘ஆன்’, ‘எ’ ஆனது. நம் ‘அந்த’வும் ‘ஒரு’வும் அதே சரக்குதான்.

எல்லோரும் கடந்து போகும் கட்டங்கள்

1973இல் ரோஜர் பிரவுன் என்ற உளவியலாளர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கற்ற ஆடம், ஈவ், சாரா என்ற மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவுசெய்து, 14 இலக்கணக் கூறுகள் எந்த வரிசையில் படிந்தன என்று வெளியிட்டார். ஆர்ட்டிகிள் எட்டாவதாக வந்தது. தாய்மொழிக் குழந்தைக்கே அது முதல் வரிசையில் இல்லை. அதன் பிறகு இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பவர்களுக்கும் இப்படிப் பொதுவான ஒரு வரிசை உண்டு என்று டூலே, பர்ட், கிராஷன் போன்ற ஆய்வாளர்கள் 1970களில் வாதிட்டார்கள். அந்த வரிசை எல்லா மொழியினருக்கும் ஒன்றல்ல என்று பின்னால் தெரிந்தது. 2009இல் லூக்கும் ஷிராயும் பழைய ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, ஜப்பானிய, கொரிய, சீன மொழியினருக்கு ஆர்ட்டிகிளும் பன்மை விகுதியும் அந்த வரிசை சொல்வதைவிடத் தாமதமாகவே வந்தன. தாய்மொழியில் இல்லாதது தாமதமாகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது தாம் ஹியூப்னர் 1983இல் வெளியிட்ட ஆய்வு. லாவோஸிலிருந்து ஹவாய்க்கு வந்த, ஹமோங் மொழி பேசும் ஒருவரை அவர் ஏறக்குறைய ஓராண்டு கவனித்தார். அந்த மனிதர் வகுப்புக்குப் போகாமல், வேலைசெய்த இடத்திலும் தெருவிலும் ஆங்கிலம் பிடித்தவர். ஆரம்பத்தில் கேட்பவருக்குத் தெரிந்த பொருளுக்கு மட்டும் ‘தி’ போட்டார், ஆனால் அது பேச்சின் தலைப்பாக இருந்தால் போடவில்லை. தலைப்பு என்றாலே தெரிந்ததுதானே, அதற்கு எதற்குத் தனி அடையாளம்? (நம் ‘பையன் வந்தான்’ நினைவுக்கு வருகிறதா?) அப்புறம் திடீரென்று கண்ட பெயர்ச்சொல்லுக்கெல்லாம் ‘தி’ போட ஆரம்பித்தார். பிறகு வேண்டாத இடங்களிலிருந்து படிப்படியாக விலக்கிக்கொண்டார்.

இந்த ‘தி’ வெள்ளம் பல கற்பவர்களிடம் வருகிறது. ‘தி லைஃப் இஸ் டிஃபிகல்ட்’, ‘ஐ லைக் தி மியூசிக்’ என்று எழுதும் மாணவரைப் பார்த்து முன்பைவிட மோசமாகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். ஆர்ட்டிகிள் என்று ஒன்று இருப்பதை அவர் மனம் இப்போதுதான் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அது முன்னேற்றம்.

ஆக, பொதுவாக இப்படிப் போகும்: முதலில் எதுவுமே போடாமல் விடுவது, பிறகு ‘தி’ கொஞ்சம் கொஞ்சமாக வந்து பெருகுவது, அதற்குப் பின் ‘எ’ நிலைப்பது, பிறகு இரண்டுக்கும் நடுவே ஊசலாடுவது, கடைசியாகப் பழக்கத்தால் மட்டுமே வரும் இடங்கள். நீங்களோ உங்கள் மாணவரோ எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு அங்கிருந்து ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

படி 1: நீங்களே எழுதிய ஒரு பக்கத்தை எடுங்கள்

கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி வேண்டாம். அதில் ‘இங்கே ஒரு ஆர்ட்டிகிள் வர வேண்டும்’ என்று கோடே சொல்லிவிடுகிறது. நம் முதல் சிக்கலே போட மறப்பதுதான். கோடிட்ட இடத்தில் பத்துக்குப் பத்து வாங்குகிறவர், சொந்தமாகக் கடிதம் எழுதும்போது பாதியை விட்டுவிடுவது சர்வ சாதாரணம்.

நீங்கள் யாருடைய உதவியும் இல்லாமல் எழுதிய ஒரு மெயிலோ கட்டுரையோ எடுத்து, எல்லாப் பெயர்ச்சொல்லையும் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள்: விட்டது என்றால் ‘வி’, தேவையில்லாமல் போட்டது என்றால் ‘தே’, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்றால் ‘மா’. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். ‘வி’ அதிகமென்றால் படி 2, 5, 7 உங்களுக்கு முக்கியம். ‘மா’ அதிகமென்றால் படி 3, 4. ‘தே’ அதிகமென்றால் படி 9.

படி 2: முதலில் பெயர்ச்சொல், பிறகுதான் ஆர்ட்டிகிள்

எண்ணக்கூடிய ஒருமைப் பெயர்ச்சொல் ஆங்கிலத்தில் தனியாக நிற்காது. முன்னால் ‘எ’, ‘தி’, ‘மை’, ‘திஸ்’ ஏதாவது ஒன்று வந்தே தீர வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் ஒழுங்காகப் பிடித்தால் விடுபடும் தவறுகளில் பெரும்பகுதி ஓடிவிடும்.

நமக்கு இது இயல்பாக வராததற்குக் காரணம் உண்டு. ‘அவர் டாக்டர்’ என்கிறோம், ‘அவர் ஒரு டாக்டர்’ என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை. அதனால் ‘ஹி இஸ் டாக்டர்’ என்று வருகிறது. தொழில், உறவு, வகை எதுவாக இருந்தாலும் இந்த இடத்தில் ‘எ’ வேண்டும்: ‘ஹி இஸ் எ டாக்டர்’, ‘திஸ் இஸ் எ ப்ராப்ளம்’. அதேபோல் அஃறிணையில் பன்மை விகுதி நமக்குக் கட்டாயமில்லை. ‘பத்து மாம்பழம் வாங்கினேன்’ என்பது நல்ல தமிழ். ஆங்கிலத்தில் ஒருமையா பன்மையா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவை எடுக்காமல் ஆர்ட்டிகிளை முடிவுசெய்ய முடியாது.

இன்னொரு பொறி, எண்ண முடியாத சொற்கள். தமிழில் அறிவுரைகள் உண்டு, தகவல்கள் உண்டு, ஆங்கிலத்தில் ‘அட்வைஸ்’, ‘இன்ஃபர்மேஷன்’ இரண்டையும் எண்ண முடியாது. ‘ஆன் அட்வைஸ்’ தவறு. ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க், நியூஸ், சாஃப்ட்வேர் எல்லாம் இந்தக் கூட்டம்தான். எண்ணியே தீர வேண்டுமென்றால் ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’. புதிய சொல் ஒன்றைக் கற்கும்போதே அதை எண்ணலாமா என்று அகராதியில் பார்த்து, ‘எ’யோடு சேர்த்தோ சேர்க்காமலோ மனதில் பதிக்கப் பழகுங்கள். ‘டேபிள்’ என்று குறிப்பேட்டில் எழுதாதீர்கள், ‘எ டேபிள்’ என்று எழுதுங்கள்.

படி 3: கேட்பவருக்குத் தெரியுமா?

இதுதான் இதயம். மெதுவாகப் போவோம்.

1981இல் டெரெக் பிக்கர்டன் என்ற மொழியியலாளர் பெயர்ச்சொற்களை இரண்டு கேள்விகளால் பிரித்தார். பேசுகிறவர் உண்மையாகவே ஒரு குறிப்பிட்ட பொருளைச் சொல்கிறாரா? அது எது என்று கேட்பவருக்குத் தெரியும் என்று அவர் எடுத்துக்கொள்கிறாரா? ஆங்கிலத்தின் ‘தி’ இரண்டாவது கேள்விக்குத்தான் கட்டுப்படுகிறது. முதல் கேள்விக்கு அல்ல.

தானியா ஐயோனின், ஹீஜியோங் கோ, கென்னத் வெக்ஸ்லர் மூவரும் 2004இல் ரஷ்ய, கொரிய மொழியினரைச் சோதித்தபோது இந்த இடத்தில்தான் அவர்கள் ஊசலாடினார்கள். தன் மனதில் ஒரு குறிப்பிட்ட ஆள் இருந்தால், கேட்பவருக்கு அவரைத் தெரியாவிட்டாலும் ‘தி’ போட்டார்கள். மாறாக, யார் என்று யாருக்கும் தெரியாத ஆனால் ஒருவர்தான் இருக்க முடியும் என்ற இடத்தில் ‘எ’ போட்டார்கள். இது தாறுமாறான தவறு அல்ல. உலகில் அப்படிப் பிரிக்கும் மொழியும் இருக்கிறது. சமோவா மொழியின் ஆர்ட்டிகிள்கள் குறிப்பிட்டதா இல்லையா என்பதைத்தான் பார்க்கின்றன. கற்பவர் மனம் ஆங்கிலம் இந்த வகையா அந்த வகையா என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறது என்பது அவர்கள் முடிவு. ஆர்ட்டிகிள் உள்ள ஸ்பானிஷ் மொழியினரிடம் இந்த ஊசலாட்டம் இல்லை என்று 2008இல் ஐயோனின் குழுவினர் காட்டினார்கள்.

தமிழில் இதைத் தொட்டுப் பார்க்கலாம். ‘ஒரு புத்தகம் தேடுகிறேன்’, ‘ஒரு புத்தகத்தைத் தேடுகிறேன்’. இரண்டாவதில் என் மனதில் குறிப்பிட்ட புத்தகம் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு அது எதுவென்று தெரியாது. ஆங்கிலத்தில் இரண்டுக்குமே ‘எ புக்’ தான். ‘குறிப்பிட்ட பொருளுக்குத் தி’ என்று படித்தவர் இரண்டாவதற்குத் ‘தி புக்’ என்று எழுதுவார். கேட்பவர் ‘எந்தப் புத்தகம்?’ என்று விழிப்பார்.

எனவே ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் ‘எது?’ என்று கேட்பாரா? கேட்பார் என்றால் ‘எ’. கேட்க வேண்டிய தேவையே இல்லையென்றால் ‘தி’. ‘ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் எ ஃப்ரெண்ட்.’ எனக்கு அந்த நண்பர் யார் என்று தெரியும், உங்களுக்குத் தெரியாது, ஆகவே ‘எ’. ‘தி வின்னர் வில் கெட் எ கார்.’ வெல்லப்போவது யார் என்று எனக்கே தெரியாது, ஆனால் வெற்றிபெறுபவர் ஒருவர்தான், ‘எந்த வின்னர்?’ என்று யாரும் கேட்க முடியாது, ஆகவே ‘தி’.

ஆங்கிலக் குழந்தைகளும் இதில் சறுக்குகிறார்கள் என்பது ஆறுதல். 1976இல் மைக்கேல் மராட்சோஸ் வெளியிட்ட ஆய்வில், சிறு பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த பொருளைக் கேட்பவருக்கும் தெரியும் என்று எடுத்துக்கொண்டு ‘தி’ போட்டார்கள். அடுத்தவர் இடத்தில் நின்று யோசிக்கும் பக்குவம் வரும்போது அதுவும் சரியாகிறது.

படி 4: ‘தி’ வரும் நான்கு வழிகள்

கேட்பவருக்கு எப்படித் தெரியும்? ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். நம்மில் பலர் எழுதும் விதம் இது:

‘எஸ்டர்டே ஐ வென்ட் டு பேங்க். மேனேஜர் கேவ் மீ ஃபார்ம். ஐ ஃபில்ட் ஃபார்ம் அண்ட் கேவ் இட் டு கேஷியர் அட் செகண்ட் கவுன்ட்டர்.’

பேங்க்: நம் வழக்கமான வங்கி. ஊரில் பல வங்கி இருந்தாலும் அன்றாட வாழ்வில் போய்வரும் இடங்களுக்கு ஆங்கிலம் ‘தி’ போட்டுவிடும். தி பேங்க், தி போஸ்ட் ஆபீஸ், தி மார்க்கெட். மேனேஜர்: இவரை நாம் இதுவரை சொல்லவே இல்லை. ஆனால் வங்கி என்றதும் மேலாளர் ஒருவர் உடன் வந்துவிடுகிறார். தி மேனேஜர். ஃபார்ம்: எத்தனையோ படிவங்களில் ஒன்று, புதிது. எ ஃபார்ம். அடுத்த வரியில் அதே படிவம் மீண்டும் வருகிறது: தி ஃபார்ம். செகண்ட் கவுன்ட்டர்: இரண்டாவது என்றாலே ஒன்றுதான். தி செகண்ட் கவுன்ட்டர். அந்தக் கவுன்ட்டரில் இருப்பவர் என்று பின்னால் விளக்கிவிட்டதால் கேஷியரும் ‘தி’ பெறுகிறார்.

ஆக, முன்னால் சொன்னது, சூழலில் இருப்பது, வாக்கிய அமைப்பே சுட்டிக்காட்டுவது, ஊர்வழக்கு என்று நான்கு. இந்த நான்கும் ஒரே வேகத்தில் படிவதில்லை. டிலின் லியுவும் ஜொஹன்னா கிளீசனும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கண்முன் இருக்கும் பொருளுக்கு வரும் ‘தி’ எளிதாகவும், ஊர்வழக்கால் வரும் ‘தி’ மிகக் கடினமாகவும் இருந்தன. கற்பிக்கும்போதும் இதே வரிசையில் போங்கள். ‘க்ளோஸ் தி டோர்’, ‘வேர் இஸ் தி கீ?’ என்று வகுப்பறைக்குள்ளேயே ஆரம்பிக்கலாம். கங்கை, இமயமலை, செய்தித்தாள் பெயர் என்று முதல் பாடத்திலேயே பட்டியல் போடும் பாடப்புத்தகங்கள் தலைகீழாகப் போகின்றன.

‘முதல் தடவை எ, இரண்டாம் தடவை தி’ என்ற விதியை மட்டும் நம்பியிருக்காதீர்கள். மேலே பாருங்கள், முதல் தடவையிலேயே ‘தி’ வந்த இடங்கள்தான் அதிகம்.

படி 5: நடுவில் அடைமொழி வந்தால் உஷார்

‘எ கார்’ என்று சரியாகச் சொல்கிறவர், ‘பிக் ரெட் கார்’ என்றதும் ‘எ’வைத் தொலைத்துவிடுவார். செர்பிய மொழியினரைப் பற்றி டனியேலா டிரென்கிச் 2007இல் எழுதியதில் இது தெளிவாகத் தெரிகிறது: பெயர்ச்சொல்லுக்கு முன் அடைமொழி இருந்தால் ஆர்ட்டிகிள் அதிகமாக விடுபடுகிறது. மனம் அடைமொழியைத் தேடும் வேலையில் மும்முரமாகிவிடுகிறது. எழுதிய பக்கத்தில் அடைமொழி வரும் இடங்களை மட்டும் ஒரு முறை தனியாகப் பாருங்கள். பலன் உடனே தெரியும்.

படி 6: ‘எ’யா, ‘ஆன்’னா?

இதில் நமக்கு ஒரு வசதி. அடுத்து வரும் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் ஆரம்பித்தால் ‘ஆன்’, மெய்யிலோ உயிர்மெய்யிலோ ஆரம்பித்தால் ‘எ’. அவர்: ஆன் அவர். எம்.எல்.ஏ.: ஆன் எம்.எல்.ஏ. எஃப்.ஐ.ஆர்.: ஆன் எஃப்.ஐ.ஆர். யுனிவர்சிட்டி: எ யுனிவர்சிட்டி. யூரோப்பியன்: எ யூரோப்பியன். ஆங்கில எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பார்க்கிறோம், அவ்வளவுதான். இரண்டு இடத்தில் மட்டும் கவனம். ‘ஓட்டல்’ என்று எழுதினாலும் ஆங்கிலத்தில் அது ஹோட்டல், எனவே ‘எ’. ‘ஒன் ருபீ காயின்’ (ஒரு ரூபாய் நாணயம்) என்பதில் ஆங்கிலேயர் உச்சரிப்பு ‘வன்’, எனவே அங்கும் ‘எ’.

படி 7: காதைப் பழக்குங்கள்

கேட்காதது வாயில் வராது. ஒரு நிமிட ஆங்கிலச் செய்தியை ஒலிக்கவிட்டு, அதன் எழுத்து வடிவத்தில் எல்லா ஆர்ட்டிகிளையும் அழித்துவிட்டு, காதால் கேட்டு நிரப்புங்கள். கோடு போடாமல் அழிக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இதைவிட நல்லது, ரூத் வைன்ரிப் 1990இல் பரப்பிய டிக்டோகிளாஸ் முறை. ஆசிரியர் சின்னப் பத்தி ஒன்றை இயல்பான வேகத்தில் இரண்டு முறை வாசிப்பார். மாணவர்கள் முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, பிறகு இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து அந்தப் பத்தியை மீண்டும் கட்டியெழுப்புவார்கள். குறித்த சொற்களில் ஆர்ட்டிகிள் இருக்காது. ‘இங்கே எ வருமா, தி வருமா?’ என்று அவர்களுக்குள் வாதம் நடக்கும். அந்த வாதத்தில்தான் பாடம் நடக்கிறது. வீட்டில் தனியாகப் படிப்பவரும் செல்போனில் பதிவுசெய்து இதைச் செய்யலாம்.

பேசும்போது ‘எ’வைத் தனிச் சொல்லாக அழுத்திச் சொல்லாதீர்கள். ‘எபுக்’, ‘எகார்’ என்று ஒரே மூச்சில் ஒட்டிச் சொல்லுங்கள்.

படி 8: திருத்தம் எப்படி இருக்க வேண்டும்?

1996இல் ஜான் டிரஸ்காட், எழுத்தில் இலக்கணத் திருத்தமே வீண், அதை விட்டுவிடலாம் என்று எழுதி ஒரு பெரிய விவாதத்தைக் கிளப்பினார். பக்கம் முழுக்கச் சிவப்பு மை பூசும் திருத்தத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆர்ட்டிகிளில் கிடைத்த முடிவுகள் வேறு. நியூசிலாந்தில் ஜான் பிட்சனரும் ஊட்டே நோக்கும், முதல் முறை குறிப்பிடும்போது ‘எ’, மறுமுறை ‘தி’ என்ற இரண்டு பயன்பாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு திருத்தினார்கள். அந்தப் பலன் 10 மாதம் கழித்தும் நிலைத்திருந்தது. யங்ஹீ ஷீன் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தவறைத் திருத்தியதோடு ஏன் என்று ஒரு வரி விளக்கமும் எழுதிக்கொடுத்தது, வெறும் திருத்தத்தைவிட நாள்பட நின்றது.

இதிலிருந்து ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நான் சொல்வது: ஒரு காலகட்டத்தில் ஒரே ஒரு பயன்பாடு. இந்த மாதம் ‘ஹி இஸ் எ டாக்டர்’ வகை மட்டும் என்றால் அதை மட்டும் திருத்துங்கள், மற்றதைக் கண்டும் காணாமல் விடுங்கள். திருத்தியதன் பக்கத்தில் ‘எண்ணலாம், ஒருமை’ என்றோ ‘கேட்பவருக்குத் தெரியாது’ என்றோ தமிழிலேயே எழுதுங்கள். குழந்தை ஆர்வமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தி ஆர்ட்டிகிளைத் திருத்தாதீர்கள். பேச்சே நின்றுபோகும்.

திருத்தும் மென்பொருள்களை நம்பியிருப்பவர்களுக்கு ஒன்று. எண்ணக்கூடிய ஒருமைச் சொல் தனியாக நின்றால் அவை நன்றாகவே பிடித்துவிடும். ஆனால் நீங்கள் யாருக்கு எழுதுகிறீர்கள், அவருக்கு என்ன தெரியும் என்பது அவற்றுக்குத் தெரியாது. ‘எ’யா ‘தி’யா என்ற இடத்தில் அவை பெரும்பாலும் ஊகிக்கின்றன. முதலில் நீங்கள் திருத்துங்கள், பிறகு மென்பொருளைத் திறங்கள்.

படி 9: எதுவும் போடாத இடங்கள், பெயர்கள்

பொதுப்படையாகப் பேசும்போது பன்மைக்கும் எண்ண முடியாத சொல்லுக்கும் ஆர்ட்டிகிள் வேண்டாம். ‘டைகர்ஸ் ஆர் டேஞ்சரஸ்’, ‘ஐ லைக் மியூசிக்’, ‘லைஃப் இஸ் டிஃபிகல்ட்’. குறிப்பிட்ட இசை என்றால்தான் ‘தி மியூசிக்’. ‘தி’ வெள்ளத்தில் இருப்பவர்கள் இதில் நேரம் செலவிட வேண்டும்.

‘கோ டு ஸ்கூல்’ என்றால் படிக்கப் போவது. அப்பா ஆசிரியரைப் பார்க்கப் போனால் ‘கோ டு தி ஸ்கூல்’. நோயாளியாகப் படுத்திருப்பவரைப் பிரிட்டிஷ் ஆங்கிலம் ‘இன் ஹாஸ்பிட்டல்’ என்கிறது, அமெரிக்க ஆங்கிலம் ‘இன் தி ஹாஸ்பிட்டல்’ என்கிறது. இரண்டும் சரி.

பெயர்களில் விதியும் உண்டு, வெறும் வழக்கமும் உண்டு. ஆறு, கடல், மலைத்தொடர் என்றால் ‘தி’: தி காவேரி, தி பே ஆஃப் பெங்கால், தி நீல்கிரிஸ். தனி மலைச் சிகரம், ஏரி, கடற்கரை என்றால் வேண்டாம்: மவுண்ட் எவரெஸ்ட், சிலிகா லேக், மெரினா பீச். நாடுகளுக்குப் பொதுவாக வேண்டாம். தி யுனைடெட் ஸ்டேட்ஸ், தி நெதர்லாண்ட்ஸ், தி மால்டீவ்ஸ் போன்றவை விலக்கு. நடுவில் ‘ஆஃப்’ வந்தால் பெரும்பாலும் முன்னால் ‘தி’ வந்துவிடும். அதனால்தான் அண்ணா யுனிவர்சிட்டிக்குத் ‘தி’ கிடையாது, தி யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸுக்கும் தி யுனிவர்சிட்டி ஆஃப் ஜாஃப்னாவுக்கும் உண்டு.

இந்தப் பெயர்ப் பட்டியலை உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆங்கில நாளிதழில் தினம் ஒரு செய்தியை எடுத்து, அதில் வரும் பெயர்களில் எதற்குத் ‘தி’ இருக்கிறது, எதற்கு இல்லை என்று மட்டும் பார்த்துக் குறித்து வாருங்கள். மாதத்துக்கு ஒரு முறை படி 1இல் செய்த கணக்கைப் புதிதாக எழுதிய பக்கத்தில் திரும்பச் செய்யுங்கள். ‘வி’ குறைந்து ‘தே’ கூடியிருந்தால் பயப்படாமல் படி 9இலேயே கொஞ்ச நாள் இருங்கள். ‘தே’யும் குறைந்து ‘மா’ மட்டும் மிஞ்சியிருந்தால், படி 3இல் உள்ள ‘எது?’ என்ற கேள்வியை ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் வாய்விட்டே கேட்டுப் பாருங்கள்.